உலர்ந்த ஓர் உடுப்பு: மலையக நெடுநடைக்கு மூட்டை கட்டுதல்

கொழும்பில் வாழ்பவருக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்பதையும், கொட்டாஞ்சேனையில் வடிகான் நிரம்பி வாசற்படி வரை ஏறுவதையும் பார்த்தே வளர்கிறோம். ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் நகரம் இது. ஆனால் மலையகத்தில் பல நாள் தொடர்ந்து நடக்கப் புறப்படும்போது இந்தப் பழக்கமே நம்மை ஏமாற்றுகிறது. கொழும்பு மழை சூடான காற்றில் பெய்யும் மழை. 27 பாகை செல்சியஸில் நனைந்தால் உடுப்பு கெடும், எரிச்சல் வரும், அவ்வளவுதான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. அந்தக் காற்றில் ஈரச்சட்டையோடு ஒரு மணித்தியாலம் அசையாமல் உட்கார்ந்திருப்பது வேறொரு அனுபவம். நகரத்தவர்களின் மூட்டைகள் பெரும்பாலும் முதலாவதான கொழும்பு மழைக்காகவே கட்டப்படுகின்றன. இரண்டாவதான மலையக மழைக்கு எப்படிக் கட்டவேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இப்போது முன்னைவிட அவசரம் கூடியிருக்கிறது. கண்டிக்கு மேலே ஹந்தானவில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பொகவந்தலாவ, ஹப்புத்தளை, எல்ல என்று தோட்டங்களினூடாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைப்பாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. பழைய தோட்ட வண்டிப்பாதைகளையும் குறுக்குவழிகளையும் இணைத்து அமைத்தது. வெளிநாட்டவருக்காகவே போட்ட பாதை என்று பலர் நினைத்தாலும், விடுமுறை கிடைத்தால் மலையேறி இரண்டு மூன்று கட்டங்களை நடந்துவிட்டு வரக் கொழும்பு இளைஞர்களுக்கும் அது கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. எந்த மாதம் போனால் நனையாமல் வரலாம் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. முழுப் பாதைக்கும் அப்படியொரு மாதம் கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைக்கிறது. கினிகத்தேன, வட்டவளைப் பகுதி ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறுவது இதனால்தான். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று ஊவாப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. இடையில் வரும் மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை. ஒரு சரிவு காய்ந்திருக்கும்போது மறு சரிவு நனைந்துகொண்டிருக்கும். நாளைத் தெரிவு செய்வது மழையைக் குறைக்குமே தவிர, பல நாள் நடப்பவர் ஒரு நாளாவது முழுக்க நனைவார் என்பதைக் கணக்கிலிருந்து நீக்காது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், நல்ல மழைக்கோட்டு வாங்கு, சப்பாத்துக்கு நீர்புகாத வகை பார், மாற்றுடுப்பு நாலு செட் வை என்பது. மூன்றும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை: நனையாமல் இருப்பதே நோக்கம். என் வாதம் அதற்கு நேர் எதிரானது. நடக்கும்போது நனைவதை ஏற்றுக்கொண்டு, நடை நின்றபின் உடம்பைச் சூடாக வைத்திருக்கும் ஒரு செட் உடுப்பையும் ஒரு போர்வையையும் எந்த நிலையிலும் நனையவிடாமல் காப்பதே மூட்டையின் முதல் வேலை. மற்ற ஒவ்வொரு பொருளும் அந்த உலர்ந்த செட்டுக்கு உதவுகிறதா, அதைக் கெடுக்கிறதா என்று பார்த்தே உள்ளே போகவேண்டும்.

இதன் அடிப்படை வெப்பக் கணக்கில் இருக்கிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நனைந்த சட்டையிலும் காற்சட்டையிலும் அரை லீற்றர் நீர் நிற்கிறது என்று வைப்போம். அதை உடம்பிலேயே போட்டுக் காயவிட்டால் 290 கிலோகலோரி போகவேண்டும். அதில் பெரும்பங்கு உடம்பிலிருந்துதான் போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு மணிக்கு உண்டாக்குவது 70 முதல் 100 கிலோகலோரிதான். ஆக, மூன்று மணித்தியாலத்து உடல் வெப்பத்தைச் சட்டை ஒன்றே தின்றுவிடும். இதே ஆள் மூட்டையோடு ஏற்றத்தில் நடக்கும்போது மணிக்கு 400 கிலோகலோரிக்கு மேல் உண்டாக்குகிறார். நனைந்திருந்தாலும் அவருக்குக் குளிராது, பல வேளை வியர்க்கவும் செய்யும். ஆபத்து நடையில் இல்லை, நடை நிற்கும் இடத்தில் இருக்கிறது: வழி தவறி நிற்கும்போது, கூட வந்தவருக்குக் கால் சுளுக்கி உட்காரும்போது, மாலையில் அறைக்கு வந்து சூடில்லாத கட்டிலில் அமரும்போது.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைகளில் நடந்த 'ஃபோர் இன்ஸ்' நெடுநடைப் போட்டியில், மழையும் காற்றும் சேர்ந்த நாளில், சாரணர் இயக்க இளைஞர் மூவர் குளிரால் இறந்தனர். 1953 எவரெஸ்ட் பயணத்தின் உடலியலாளராக இருந்த கிரிஃபித் பியூ அந்த மரணங்களை ஆராய்ந்தார். நனைந்த உடுப்பு காற்றில் தன் வெப்பக்காப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதையும், களைத்து வேகம் குறைந்ததும் உடம்பால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாமல் போகிறது என்பதையும் அவர் ஆய்வு காட்டியது. டார்பிஷயர் மார்ச்சும் நம் மலையகமும் ஒன்றல்ல. அங்கே உறைநிலைக்குக் கிட்டிய குளிர். ஆனால் உடல் வெப்பம் ஆபத்தாக இறங்குவதற்கு உறைபனி தேவையில்லை. பத்துப் பாகைக் காற்றும், ஈரமும், களைப்பும், வெறும் வயிறும் சேர்ந்தால் போதும். ஹோட்டன் சமவெளியை ஒட்டிய உயரங்களில் இந்த நான்கும் ஒரே மாலையில் சேர்வது அபூர்வமல்ல.

மழையே இல்லாத இடத்திலும் இது நடப்பதைப் பார்க்க விரும்புபவர், டிசெம்பர் போயாவுக்கும் வெசாக் போயாவுக்கும் இடைப்பட்ட காலத்தில் சிவனொளிபாதமலைக்குப் போனால் போதும். நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கும் குடும்பம் கீழேயுள்ள கடைகளில் கம்பளித் தொப்பியும் தடித்த மேலங்கியும் வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். பாதி வழி வருமுன் உள்ளே பருத்திப் பெனியன் முதுகோடு ஒட்டி, கழுத்திலிருந்து நீர் வழிகிறது. மேலங்கியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள், அதுவும் வியர்வையில் ஊறுகிறது. 2,243 மீற்றர் உச்சியில் சூரியோதயத்துக்காக ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் காற்றில் உட்காரும்போது, விறைத்துப்போய்ப் பற்கள் அடித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அதிகமாக உடுத்தி ஏறியவர்களே. மெல்லிய சட்டையோடு ஏறி, பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த காய்ந்த பெனியனையும் சுவெற்றரையும் உச்சியில் மாற்றிக்கொள்ளும் கிழவியோ நிம்மதியாக இருக்கிறார். பல தடவை ஏறிய யாத்திரிகர்களிடம் இந்தப் பழக்கம் எந்தப் புத்தகமும் படிக்காமலே இருக்கிறது. வியர்வையும் ஈரந்தான், உள்ளிருந்து வரும் மழை அது.

மலையகத்தில் நாள் முழுதும் ஈரத்தில் நின்று வேலை செய்பவர்களின் உடையைப் பார்த்தால் இதே தெளிவு தெரியும். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டு வழியே நடந்து மாத்தளைக்கும் அதற்கு மேலும் வந்த தமிழகத் தொழிலாளர்கள் பருத்தித் துணியோடுதான் மலையேறினார்கள். தோட்டத்தில் அவர்களுக்குக் கொடுத்த முக்கியமான பொருள்களில் ஒன்று கம்பளி. அதன் விலை அவர்கள் கணக்கில் கடனாக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்தக் கறுத்தக் கம்பளியைத் தலையிலிருந்து முதுகு வழியே மடித்துப் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் கொழுந்து பறித்த பெண்களைப் பழைய படங்களில் பார்க்கலாம். கம்பளி நனையும், ஆனால் அதன் நார் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கியும் தோலுக்கு ஈரமாகத் தெரியாமல் இருக்கக்கூடியது, வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடுகிறது. பருத்தியோ நனைந்தால் தோலோடு ஒட்டி, நாருக்கிடையில் இருந்த காற்றை நீராக மாற்றிவிடுகிறது. நீர் காற்றைவிட 25 மடங்கு அளவில் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். படங்கு இன்று சாக்கிலிருந்து பொலித்தீனுக்கு மாறிவிட்டது, அதன் வேலை மாறவில்லை: புதருக்கு இடையில் போகும்போது இடுப்புக்குக் கீழே ஈரமும் முள்ளும் படாமல் காப்பது. உடம்பு முழுவதையும் அடைத்து மூட அவர்கள் முயல்வதில்லை. கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குபவர் அடைத்து மூடினால் வியர்வையிலேயே ஊறிவிடுவார்.

இதை எழுதும்போது ஒரு மறுப்பு உடனே எழும். தோட்டத் தொழிலாளர் அப்படி உடுத்துவது அறிவால் அல்ல, வேறு கதியில்லாததால். வறுமையை நடைப்பயணிக்கு முன்மாதிரியாகக் காட்டுவது சரியா? மறுப்பில் உண்மை இருக்கிறது. நல்ல மழையங்கியும் சப்பாத்தும் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை நடந்த 'மலையகம் 200' நடைபயணம் நினைவூட்டியதும் இருநூறு ஆண்டுகளாகத் தொடரும் இந்தக் குறைகளைத்தான். ஆனால் குறைந்த வசதியில் ஒருவர் கண்டுபிடித்த தீர்வு, குறைந்த வசதியில் பிறந்தது என்பதற்காகத் தவறாகிவிடாது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு நனைந்த வேலையுடுப்பையே மறுபடி போட்டுக்கொண்டு போவதும், லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் அடுப்பருகில் காய்ந்த உடுப்புக்கு மாறுவதும் மலையில் வாழ்ந்தவர்களின் அனுபவ முடிவு. நடைப்பயணி கற்கவேண்டியது அந்த வேலையுடுப்பு, வீட்டுடுப்புப் பிரிவினையைத்தான்.

அடுத்த மறுப்பு சந்தையிலிருந்து வருகிறது. உள்ளே நீர் புகாமல் வெளியே வியர்வை ஆவியாகப் போகும் துணிகள் இருக்கின்றனவே, விலை கொடுத்து வாங்கினால் இந்தப் பாடு எதற்கு? கோர்டெக்ஸ் போன்ற படலங்கள் பொய்யல்ல. ஆனால் அவை வேலை செய்யும் முறையைப் பார்க்கவேண்டும். உள்ளே இருக்கும் நீராவியின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் ஆவி வெளியே போகும். வரண்ட குளிர்நாட்டில் இந்த வேறுபாடு பெரிது. எல்லவில், ஆயிரம் மீற்றர் உயரத்தில், இருபது பாகைக்கு மேல் வெப்பமும் காற்று முழுக்க ஈரமுமாக இருக்கும் மழையில் அந்த வேறுபாடு மிகவும் சுருங்கிவிடுகிறது. ஏற்றத்தில் நடப்பவர் மணிக்கு அரை லீற்றருக்கு மேல் வியர்க்கக்கூடும். படலம் அதில் சிறுபங்கைத்தான் கடத்தும். மேற்பரப்பில் நீர் படிந்துவிட்டால் அதுவும் குறையும். விலையுயர்ந்த கோட்டுக்குள் நனைவதும் மலிவான கோட்டுக்குள் நனைவதும் மாலையில் ஒரே கதைதான். ஆயினும் மழையங்கி வேண்டும், காற்றைத் தடுக்க. உச்சியிலும் கணவாயிலும் ஈர உடம்பின் மேல் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டால் பியூ சொன்ன இழப்பு வெகுவாகக் குறையும். அதற்குத் தலைமூடியுள்ள மெல்லிய, எடை குறைந்த அங்கி ஒன்று போதும். முன்பக்கமும் கக்கமும் திறந்து காற்றோட்டம் விடக்கூடியதாக இருப்பது படலத்தின் பெயரைவிட முக்கியம்.

குடையைக் கேலி செய்பவர்கள் மலைநடைக்காரர்களில் உண்டு. அது நியாயமில்லை. காற்றில்லாத நேர்மழையில், அகன்ற தோட்டப் பாதையில், குடைக்கு நிகர் எதுவுமில்லை. வியர்வையும் அடைபடாது, வெயிலுக்கும் உதவும். ஹப்புத்தளைக் கணவாயிலும் லிப்டன் சீட் பக்கத்து முகடுகளிலும் அது சட்டம் மடங்கிக் கைவிடும். காட்டுத் துண்டுகளில் கையைக் கட்டிப்போடும். ஆகவே குடை துணைப்பொருள், அங்கிக்குப் பதிலல்ல.

நம் வீடுகளில் எழும் பெரிய மறுப்பு இவை எதுவுமல்ல. அம்மாமார் சொல்வது: நனைந்தால் மாற்று, அதற்குத்தானே நாலு செட் வைக்கிறோம். அன்பிலிருந்து வரும் சொல், ஆனால் கணக்கு ஒத்துவராது. முதல்நாள் நனைந்த செட் நுவரெலியா அறையில் இரவு முழுக்கத் தொங்கினாலும் காயாது. காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும்போது துணி எதற்குள் காயும்? மறுநாள் இரண்டாவது செட் நனையும். மூன்றாம் நாள் முதுகில் இருப்பது இரண்டு செட் ஈரத்துணி, அதன் நீரும் சேர்ந்து. ஒரு டெனிம் காற்சட்டை நனைந்தால் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். நான்காம் நாள் உலர்ந்தது எதுவும் மிஞ்சாது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செலவழித்து முடித்திருப்போம். இரண்டே செட் வைத்திருப்பவர், காலையில் ஈரத்தையே மறுபடி போட்டுக்கொள்ளும் மனவுறுதி இருந்தால், பத்தாம் நாளும் இரவுக்கு உலர்ந்த உடுப்போடு இருப்பார். அந்தக் காலை வேளைதான் இந்த முறையின் கடினமான இடம், அதை மறைப்பதில் பயனில்லை. குளிர்ந்த ஈரச்சட்டையைத் தோலில் இழுத்துவிடுவது யாருக்கும் பிடிக்காது. நல்ல மழை நாளில் உலர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பும் ஆசை பலமாக வரும். பத்து நிமிட ஏற்றத்தில் ஈரச்சட்டை உடற்சூட்டுக்கு வந்துவிடும் என்பதும், போட்டுக்கொண்டு கிளம்பும் உலர்ந்த சட்டை அதே பத்து நிமிடத்தில் நனைந்துவிடும் என்பதும் தெரிந்திருந்தால் அந்த ஆசையை வெல்லலாம். நடையுடுப்பு செயற்கை நாரில் இருந்தால் இது இன்னும் எளிது: காற்றின் ஈரத்தில் பருத்தி தன் எடையில் எட்டு வீதத்துக்கு மேல் வாங்கும்போது பொலியெஸ்டர் அரை வீதத்தையும் எட்டாது, பிழிந்து உதறினால் பாதி காய்ந்த மாதிரி. உலகத்துக்கே விளையாட்டுடுப்புத் தைத்து அனுப்பும் நாடு இது. ஏற்றுமதியில் கழிந்த நல்ல துணிகள் புறக்கோட்டையிலும், குளிருடுப்பு நுவரெலியாவின் பேல் பஸாரிலும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன.

பெண்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்று சொல்லப்படுவதுண்டு. ஒட்டிப் பிடிக்கும் மலைநடை உடையைப் போட்டுக்கொண்டு லயங்களுக்கும் கோயில்களுக்கும் நடுவே நடக்கச் சங்கடமாக இருக்கும் என்பது உண்மையான கவலை, தள்ளிவிடக்கூடியதல்ல. ஆனால் மேலே சொன்ன வாதம் துணியைப் பற்றியது, வெட்டைப் பற்றியதல்ல. தொளதொளத்த சுரிதாரே பொலியெஸ்டரில் இருந்தால் வேலை செய்யும். பருத்திச் சுரிதாரும் அதன் நீண்ட சால்வையும்தான் தொல்லை, அவை நீரைத் தாங்கிக் காலைச் சுற்றும். சால்வை வேண்டுமென்றால் மெல்லிய கம்பளிச் சால்வை. பகலில் தோளுக்கு, இரவில் போர்வைக்கு மேல். மாதவிடாய்க்கால அணையாடைகள் நனைந்தால் பயனற்றவை, தோட்டக் கடைகளில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பவும் முடியாது. அவை உலர்ந்த செட்டோடு அதே பைக்குள் போகவேண்டியவை.

கால்களுக்கு வருவோம். இங்கேதான் நீர்புகாத பொருளின் மீதான நம்பிக்கை அதிகத் தீங்கு செய்கிறது. நீர்புகாத சப்பாத்துக்குள் மேல்வழியாக, கணுக்காலிலிருந்து வழிந்து, தண்ணீர் புகுந்தே தீரும். புகுந்தபின் வெளியேற வழியிருக்காது. தடித்த தோல் சப்பாத்து நனைந்து கனத்தால் நடையே மாறிவிடும். காலில் ஒரு கிலோ சுமப்பது முதுகில் ஐந்து கிலோ சுமப்பதற்குச் சமமான உழைப்பைக் கேட்கிறது என்பது இராணுவ ஆய்வுகளில் பலமுறை அளந்து கண்டது. வலைத்துணி மேற்பகுதியும், சேற்றுக் களியில் பிடிக்கும் ஆழமான வெட்டுள்ள அடியும் கொண்ட எடை குறைந்த சப்பாத்து உடனே நனையும், நடக்க நடக்க நீரை வெளியே தள்ளும். தோல் ஊறிப்போகாதா என்றால், ஊறும். வியட்நாம் போரில் மீகொங் கழிமுகத்து நெல்வயல்களில் நாட்கணக்கில் நின்ற அமெரிக்கப் படையினரின் பாதங்களை அவர்களுடைய மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் ஈரத்தில் இருந்த பாதங்கள் வீங்கி, சுருங்கி, நடக்கமுடியாத நிலைக்கு வந்தன. இரவில் சில மணித்தியாலம் நன்றாக உலரவிட்ட பாதங்கள் தாங்கின. பகலில் நனைவது அல்ல, இரவிலும் நனைந்திருப்பதே கேடு. எனவே உலர்ந்த செட்டில் ஒரு சோடி தடித்த கம்பளிக் காலுறையும், அறைக்குள் போட ஒரு சோடி இறப்பர்ச் செருப்பும் கட்டாயம். படுக்குமுன் கால்விரல் இடுக்கைத் துடைத்து, வாசலின் போன்ற எண்ணெய்ப்பசையை அடிப்பாதத்தில் பூசினால் மறுநாள் ஊறல் தாமதமாகும். தோட்டத்து ஓடைகளிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் காலில் வெடிப்பு, புண் இருந்தால் நீர்புகா ஒட்டுப்பட்டையால் மூடுவது சிறு விஷயமல்ல. நடை முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஈரத்தில் நடந்ததை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

அட்டையைப் பற்றிப் பயம் அளவுக்கு மீறியது, ஏற்பாடு அளவுக்குக் குறைவு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், எலுமிச்சையும் உப்பும் வைத்த துணிமுடிச்சைத் தடியின் நுனியில் கட்டிக் காலில் தொட்டுத் தொட்டு அட்டையை விழுத்தும் முறையைப் பதிவு செய்திருக்கிறார். 1859இல் எமர்சன் டெனன்ட் தன் இலங்கை நூலில் கோப்பித் தோட்டத்துரைமார் நெருக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறை அணிந்ததை எழுதுகிறார். இரண்டும் இன்றும் செல்லும். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டி, அதன் மேல் சவர்க்காரத்தையோ சித்தாலேபத்தையோ தேய்த்துவிட்டால் பெரும்பாலான அட்டைகள் ஏறாது. கடித்த இடம் வெகுநேரம் இரத்தம் கசிவது அட்டையின் உமிழ்நீரால்; அதுவாகவே நிற்கும். சொறிந்து புண்ணாக்கி அதை மறுநாள் சேற்றில் நனைப்பதுதான் காய்ச்சலில் கொண்டுபோய் விடுவது.

மூட்டையைக் கட்டும் முறைக்கு வந்தால், முதுகுப்பைக்கு மேலே போடும் மழையுறையை மட்டும் நம்புவது வீண். மழை முதுகுக்கும் பைக்கும் இடையே வழிந்து, உறை மூடாத பக்கத்தால் உள்ளே போகும். நீரை உள்ளிருந்து தடுக்கவேண்டும்: பைக்குள் ஒரு பெரிய தடித்த பொலித்தீன் பை, அதன் வாயை முறுக்கி மடித்து இறப்பர் வளையம். 2017இலிருந்து 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த மெல்லியது எப்படியும் முதல் நாளே கிழியும். உரமூட்டையின் உட்பை போன்ற தடித்தது ஒன்று வாரக்கணக்கில் உழைக்கும், திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரலாம். உட்பைக்குள் அடியில் போர்வை, பிறகு இரவுடுப்பு, காலுறை, மருந்து, பணம், அடையாள அட்டை. வழியில் நடை நின்றுபோகும் அவசரம் தவிர, உட்பையைப் பகலில் திறக்கக்கூடாது. அதைத் திறக்கவேண்டிய தேவை வராதபடி, பகலில் வேண்டியவை எல்லாம் அதற்கு வெளியே இருக்கவேண்டும்: மழையங்கி, தண்ணீர், ஜீவனிப் பொட்டலம், ரோர்ச், கச்சான், பனங்கட்டி, கிறீம் கிறேக்கர். தோட்டப் பாதையில் கடையே இல்லாத நீளம் குறைவு. ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் கிடைக்கும். ஆகவே அடுப்பும் பாத்திரமும் சுமக்கத் தேவையில்லை. ஆனால் நடுங்கத் தொடங்கியவருக்கு உலர்ந்த உடுப்போடு சர்க்கரையும் மருந்து; கடை வரும் வரை அது பையில் இருக்கவேண்டும். இந்தக் கணக்கில் கட்டினால் தண்ணீரும் சேர்த்து ஏழு கிலோவுக்குள் முடியும். 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை 3,000 கிலோமீற்றருக்கு மேல் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் வீட்டில் தைத்த துணிப்பையைத் தோளில் போட்டு, குளியலறைத் திரை ஒன்றை மழைக்குக் கொண்டுபோனார். அவரைப் போல யாரும் நடக்கவேண்டியதில்லை. குறைவாகச் சுமப்பது கிழவிக்கும் முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை இகழ எனக்கு மனமில்லை. பெக்கோ பாதையின் கட்டங்கள் பெரும்பாலும் வாகனம் வரும் இடத்தில் தொடங்கி அப்படியான இடத்திலேயே முடிகின்றன. பெரிய பையை முச்சக்கர வண்டியில் அடுத்த தங்குமிடத்துக்கு அனுப்பிவிட்டுச் சிறு பையோடு நடக்கலாம். முழங்கால் நோவுள்ளவர்களும் வயதானவர்களும் நடக்க இதுவே வழி, ஊர் இளைஞருக்கும் ஒரு வருமானம். ஆனால் உலர்ந்த செட் அந்தப் பெரிய பையோடு போகக்கூடாது. பாதையில் மரம் விழுந்தால், மண்மேடு சரிந்தால், வண்டி மறுபக்கத்தில் நிற்கும். நீங்கள் இந்தப் பக்கத்தில் ஈரத்தோடு ஒரு லயத்துத் திண்ணையில் இரவைக் கழிக்க நேரும். எது வண்டியில் போனாலும் போகட்டும், உட்பை முதுகில் இருக்கவேண்டும்.

மண்சரிவு என்று வந்துவிட்டால், மூட்டையால் செய்யக்கூடியதன் எல்லையும் அங்கே வந்துவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையின் மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகமெங்கும் சரிவுகளை அறுத்து, வீடுகளையும் ரயில்பாதையையும் கொண்டுபோனபோதும், ஆபத்து குளிரிலிருந்தோ ஈரத்திலிருந்தோ வரவில்லை, நிலத்திலிருந்து வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நீண்ட காலமாகக் கையாண்டு வரும் அளவுகோல் நடைப்பயணிக்கும் பயன்படும்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். எச்சரிக்கை வெளிவந்த பிரதேசத்தில் சரிவோரப் பாதையில் கால் வைக்கக்கூடாது, பை எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும். இதற்காக மூட்டையில் சேர்க்கக்கூடியவை மூன்றுதான்: அறிவிப்பைக் கேட்கச் சார்ஜ் உள்ள கைபேசி, உட்பைக்குள் அதன் பவர்பேங்க், திட்டத்தில் இல்லாத ஒரு நாள் தங்கக் கையில் காசு. லயத்தில் உள்ளவர்களிடம் கேட்பதும் வேண்டும். மேட்டில் புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறதா, ஊற்றுநீர் கலங்கி வருகிறதா, மரங்கள் சாய்கின்றனவா என்பது அவர்களுக்கு எந்தச் செயலியைவிடவும் முன்பே தெரியும். தங்குமிடத்தில் உலர்ந்த உடுப்போடு இருப்பவருக்கு ஒரு நாள் காத்திருப்பது பொறுக்கக்கூடியது. எல்லாம் நனைந்துபோனவர்தான், எப்படியாவது அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று போகக்கூடாத காலையில் கிளம்புகிறார்.